கால்கரியில் ஒரு பல்லி

"ஏய்யா, பல்லி சொல்லுது பாரு. உங்க ஊர்லயும் பல்லி உண்டா?"

அம்மா இதைக் கேட்டபோது நான் கால்கரிக்கு வடமேற்கே ஒரு காட்டோரம், பிக்கப் டிரக்கின் முதுகில் தூக்கி வைத்த கூண்டுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே மைனஸ் 19 டிகிரி. உள்ளே பனியனோடு இருக்கலாம், அவ்வளவு சூடு. எனக்கு ராத்திரி எட்டரை, அம்மாவுக்கு மறுநாள் காலை ஒன்பது. அக்கா மகளுக்கு வந்திருக்கும் வரனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். "பையன் தங்கமான குணம்கிறாங்க" என்று அவள் முடித்த இடத்தில், என் முதுகுக்குப் பின்னாலிருந்து டிக் என்று ஒரு சத்தம். அப்புறம் இன்னொரு டிக்.

அது டீசல் ஹீட்டரின் பம்ப். துளித்துளியாக டீசலைத் தள்ளிவிடுகிற, விரல் நீளச் சாமான். ஒரு தள்ளுக்கு ஒரு டிக். அருப்புக்கோட்டை வீட்டில் டியூப்லைட் பட்டிக்குப் பின்னால் பரம்பரையாகக் குடியிருக்கும் பல்லிக்கும் இதற்கும் போன் வழியாகக் கேட்டால் வித்தியாசம் தெரியாதுதான்.

"இருக்கும்மா, ஒண்ணே ஒண்ணு" என்று சொல்லிவிட்டேன். தங்கமான பையன் என்பதற்கு அம்மாவுக்கு ஒரு சாட்சி கிடைத்திருக்கிறது. அதைக் கலைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

ஆனால் பல்லி மூன்று நான்கு தடவை சொல்லி நிறுத்தும். இது நிறுத்தவில்லை. "என்னய்யா, விடாம சொல்லுது?" என்றாள். "குளிருல்லம்மா" என்றேன். அந்தப் பதிலில் எந்த அர்த்தமும் இல்லை. அம்மா ஏற்றுக்கொண்டாள்.

கனடாவுக்கு வந்து ஏழு வருஷம் ஆகிறது. முதல் மூன்று குளிர்காலம் ஜன்னல் வழியாகவே பார்த்துக் கழித்தேன். இங்கே ஒரு குளிர்காலத்தை வீட்டுக்குள்ளேயே ஓட்டினால் மார்ச் மாதம் மனுஷன் சுவரோடு பேச ஆரம்பித்துவிடுவான். பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் பழைய டிரக் கேம்பரை விற்கப்போவதாகச் சொன்னபோது, யோசிக்காமல் வாங்கிவிட்டேன். பிக்கப் வண்டியின் பின்தொட்டியில் அப்படியே உட்கார்ந்துகொள்ளும் சின்ன வீடு. டிரைவர் தலைக்கு மேலே துருத்திக்கொண்டு ஒரு படுக்கை, கீழே இரண்டு பேர் உட்காரப் பலகை, ஒரு கேஸ் அடுப்பு. புரொப்பேனில் ஓடும் கணப்பும் இருந்தது, ஆனால் அதற்கு ஆயுசு முடிந்துவிட்டிருந்தது. அது உயிரோடு இருந்தாலும் கடுங்குளிரில் பெரிதாக நம்ப முடியாது. புரொப்பேன் மைனஸ் 42-இல்தான் ஆவியாகவே தொடங்கும். குளிர் அந்தப் பக்கம் நெருங்க நெருங்க, சிலிண்டரில் அழுத்தம் படுத்துவிடும்.

அதனால்தான் டீசல். இந்த வகை ஹீட்டரை ஜெர்மனியில் வெபாஸ்டோ, எபர்ஸ்பேக்கர் கம்பெனிகள் லாரி டிரைவர்கள் இன்ஜினை அணைத்துவிட்டுத் தூங்குவதற்காகப் பல காலமாகச் செய்துவருகின்றன. விலை கேட்டால் நமக்கே வேர்த்துவிடும். நான் வாங்கியது அதைப் பார்த்துச் செய்த சீனத்து ரகம். ஹீட்டர், பம்ப், ஐந்து லிட்டர் டேங்க் எல்லாம் ஒரே பெட்டிக்குள், மேலே கைப்பிடி. டிபன் கேரியர் மாதிரி தூக்கிக்கொண்டு போகலாம்.

முதல் ஆளாகப் பயந்தது அம்மாதான். "மூடின ரூமுக்குள்ள டீசல எரிக்கப் போறியா? கூறு இருக்கா?" நியாயமான கேள்வி. சூடான காற்று, எரியறை, வெப்ப மாற்றி என்று நான் ஆரம்பித்ததும் அவள் கவனம் போய்விட்டது என்பது மூச்சிலேயே தெரிந்தது. அப்புறம்தான் சட்டென்று நம் வீட்டு வெந்நீர் பாய்லர் ஞாபகம் வந்தது.

"நம்ம செப்பு பாய்லர் இருக்குல்லம்மா, நடுவுல ஒரு குழாய், அதுலதான செரட்டையும் மட்டையும் போட்டு எரிப்ப? தண்ணி அந்தக் குழாயச் சுத்தித்தான நிக்கும்? தண்ணிக்குள்ள புகை போகுமா?"

"எப்படிப் போகும்?"

"அதே மாதிரிதான். தண்ணி இருக்கிற எடத்துல காத்து ஓடுது. புகை தனிக் குழாய்ல வெளிய போயிரும்."

"இதச் சொல்றதுக்கா இம்புட்டு நேரம்?" என்றாள்.

உண்மையில் அதற்குமேல் ஒன்றும் இல்லை. பெட்டி வெளியேதான் இருக்கிறது. கேம்பரின் பின்பக்கம் ஒரு பலகை அடித்து அதன்மேல் வைத்திருக்கிறேன். 75 மில்லிமீட்டர் குழாய் ஒன்று சூட்டை உள்ளே கொண்டுவருகிறது. இன்னொன்று உள்ளே இருக்கிற காற்றையே திரும்ப இழுத்துப்போய்ச் சுட வைக்கிறது. முதலில் வெளிக்காற்றைத்தான் இழுக்க விட்டிருந்தேன். மைனஸ் 20 காற்றைச் சூடாக்கிச் சூடாக்கி டீசல்தான் தீர்ந்தது. இப்போது ஒரு ராத்திரிக்கு இரண்டு லிட்டர் போதும். தீ வெளியே எரிவதால் உள்ளே ஈரம் சேர்வதில்லை. கேஸ் அடுப்பைக் கணப்பாகக் கொளுத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும், விடிந்தால் ஜன்னலெல்லாம் அழுதுகொண்டிருக்கும்.

புகைக்குழாயின் வாய் கதவுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும், பனி அதை மூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதையும் மீறி ஏதாவது கசிந்தால்? கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. தூக்கத்திலேயே முடித்துவிடும். அதற்காகத் தலைமாட்டில் ஒரு வெள்ளை டப்பா மாட்டியிருக்கிறேன். கெட்டது வந்தால் அது கத்தும். நம் வீட்டில் நல்லது கெட்டது இரண்டையும் பல்லியே பார்த்துக்கொள்ளும். பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கங்களில் சொன்னால் என்ன, விழுந்தால் என்ன என்று பட்டியலே இருக்கும். ஒருமுறை அப்பா தலையில் பல்லி விழுந்துவிட்டது என்று அம்மா அவரைக் குளிக்க வைத்து, அதுவும் போதாமல் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட வைத்த பிறகுதான் சமாதானமானாள். வரிசையில் நின்றதில் அப்பாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. பல்லி விழுந்த பலன் அதுதான் என்று அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

சரி, ஹீட்டருக்கு வருகிறேன்.

நான் அடிக்கடி போகும் காட்டுக்குப் பெயர் கோஸ்ட். கோஸ்ட் ஆறு ஓடும் அரசு நிலம். பேய் என்று அர்த்தம் சொன்னால் அம்மா தூங்கமாட்டாள் என்பதால் பெயரை மட்டும் சொன்னேன். "கோஸு வெளையிற ஊரா?" என்றாள். ஆமாம் என்றேன். ஏழு வருஷத்தில் அம்மாவிடம் நான் சொன்ன பொய்களைக் கொட்டினால் இந்தக் கேம்பர் கொள்ளாது. அங்கே தங்க 2021-இலிருந்து ஒரு பாஸ் எடுக்க வேண்டும், வருஷத்துக்கு 30 டாலர். ஒரு மேடு இருக்கிறது, அங்கே நிறுத்தினால் போனில் ஒன்றிரண்டு கோடு சிக்னல் கிடைக்கும். எனக்கு அது போதும்.

போன ஜனவரியில் அந்த மேட்டில்தான் அது நடந்தது. ராத்திரி மூன்று மணி. சத்தம் கேட்டு விழிப்பு வரும் என்பார்களே, எனக்குச் சத்தம் நின்று விழிப்பு வந்தது. டிக் இல்லை. எழுந்து உட்கார்ந்தால் வாயிலிருந்து புகை. ஹீட்டரின் சின்னத் திரையில் இ-10 என்று மின்னிக்கொண்டிருந்தது. பற்ற வைத்துப் பார்த்தேன், பற்றவில்லை என்று அதற்கு அர்த்தம். வெளியே மைனஸ் 28.

பேட்டரியாக இருக்கும் என்று நினைத்தேன். தொடங்கும்போது உள்ளே ஒரு கம்பி பழுக்கக் காய வேண்டும். அந்த இரண்டு மூன்று நிமிஷம் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து பத்து ஆம்பியர் வரை உறிஞ்சும், அப்புறம்தான் ஒன்றிரண்டு ஆம்பியருக்கு இறங்கும். பேட்டரி தளர்ந்திருந்தால் அங்கேயே படுத்துவிடும். பார்த்தேன், பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய் டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன்.

மார்கழி காலையில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைப் பார்த்திருப்பீர்கள். அதேதான். கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய டீசல் நீர்மோர் மாதிரிக் கலங்கிப்போய், ஓரத்தில் வெள்ளையாகப் படிந்து நின்றது. டீசலில் கரைந்திருக்கிற மெழுகு குளிரில் பிரிந்து வந்துவிடும். அதற்காகத்தான் இங்கே குளிர்காலத்துக்கென்று தனி டீசல் விற்கிறார்கள். எனக்கும் அது தெரியும். ஆனால் டேங்கில் இருந்தது செப்டம்பரில் ஊற்றிய பழையது. வீணாக்க வேண்டாமே என்று வைத்திருந்தேன். மிச்சம் வைத்ததை வீசாத புத்தி, வேறு எங்கிருந்து வந்திருக்கப்போகிறது?

தேங்காய் எண்ணெய் உறைந்தால் அம்மா பாட்டிலை வெயிலில் வைப்பாள். வெயிலுக்கு நான் எங்கே போவது? சூரியன் வர இன்னும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் இருந்தது, வந்தாலும் சும்மா வெளிச்சம் காட்டிவிட்டுத்தான் போகும். குழாய்களைக் கழற்றி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் டிரக்கின் முன் இருக்கைக்குக் கீழே, சூடு வரும் வாயிலுக்கு நேராக வைத்து இன்ஜினைப் போட்டேன். பக்கத்தில் நானும் போர்வையைச் சுற்றிக்கொண்டு. ஒன்றரை மணி நேரம். காய்ச்சல் பிள்ளையை ஆஸ்பத்திரி பெஞ்சில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது மாதிரி இருந்தது. டீசல் நாற்றம் வேறு.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் என் மண்டைக்குள் ஓடியதெல்லாம் வீட்டு முற்றம்தான். ராத்திரி சாப்பாடு முடிந்து, டிவியை அணைத்து, அப்பா கதவுக்குத் தாழ் போட்ட பிறகு வரும் அந்த அமைதி. அதில் எங்கிருந்தோ ஒரு பல்லி. உடனே அம்மா விரலை மடக்கித் தரையில் இரண்டு தட்டுத் தட்டி, "எந்தத் தெசையில?" என்பாள். யாருக்கும் தெரியாது. ஆளுக்கொரு பக்கம் கை காட்டுவோம். நல்ல பலன் எந்தத் திசைக்கோ அதையே அவள் எடுத்துக்கொள்வாள்.

எண்ணெய் தெளிந்தது. திரும்பப் பொருத்திப் பொத்தானை அழுத்தினேன். விசிறி சுற்றியது, கம்பி காய்ந்தது, ஒன்றும் நடக்காத ஒரு நிமிஷம், அப்புறம் டிக். புகைக்குழாயில் குப்பென்று வெள்ளைப் புகை. டிக், டிக், டிக். என்னை அறியாமல் கேம்பரின் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

இப்போது எல்லாம் பழகிவிட்டது. அக்டோபர் வந்தால் பழைய டீசலை இறக்கிவிட்டுக் குளிர்கால டீசல் ஊற்றுகிறேன். கரி படியாமலிருக்க அணைப்பதற்கு முன்னால் கால் மணி நேரம் முழு வேகத்தில் ஓட விடுகிறேன். அணைத்தாலும் உள்சூடு ஆறும்வரை விசிறி தானாகச் சுற்றும், அதுவரை மின்சாரத்தைப் பிடுங்குவதில்லை. கேம்பர் வாங்குகிற நம் பையன்கள் என்னிடம்தான் யோசனை கேட்கிறார்கள். இந்த ஊர்க்காரனாகவே ஆகிவிட்டேன் என்று ஒருவன் சொன்னான். பம்ப் சத்தம் தொந்தரவாக இல்லையா, அடியில் ரப்பர் வைத்தால் குறையுமே என்றும் அவன்தான் சொன்னான். வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டு வருஷமாகப் பிரிக்காமல் டிராயரில் கிடக்கிறது.

அம்மாவுக்கு அது இன்னும் பல்லிதான். "உங்க பல்லி நல்லா இருக்கா?" என்று விசாரிக்கிறாள். அக்கா மகள் கல்யாணம் அந்தத் தங்கமான பையனோடு நல்லபடியாக முடிந்ததில் என் ஹீட்டருக்கும் பங்கு உண்டு. பிரிந்து போனவன் வருவானா என்று பல்லியிடம் கேட்பது சங்கப் பாட்டுக் காலத்திலேயே உண்டு. அதனால் அம்மா அடுத்து என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

போன சனிக்கிழமை அதனாலேயே ஒரு காரியம் செய்தேன். அம்மாவைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஹீட்டரை அணைத்து, விசிறி நிற்கும்வரை காத்திருந்தேன். லீவு இன்னும் கேட்கவே இல்லை. என் பொய்க்கெல்லாம் அது டிக் டிக்கென்று சத்தியம் செய்வது எனக்கே கூச்சமாக இருந்தது.

"சத்தத்தையே காணோம்?" என்றாள்.

"தூங்குதும்மா."

"பாவம், குளிருக்கு வெறைச்சிருக்கும். ஒரு துணியப் போட்டு வையி." கொஞ்சம் பொறுத்து, "சித்திரைக்கு வருவேல்ல?" என்றாள்.

கேம்பருக்குள் குளிர் இறங்க ஆரம்பித்திருந்தது. கால் விரல்களைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"வர்றேம்மா."

த்ச், த்ச், த்ச்.

போனுக்கு அந்தப் பக்கம். டியூப்லைட் பட்டிக்குப் பின்னாலிருந்துதான் இருக்க வேண்டும். அம்மா ஒன்றும் பேசவில்லை. விரல் மடக்கித் தட்டுகிற சத்தம் மட்டும் இரண்டு முறை கேட்டது.

"எந்தத் தெசையிலம்மா?" என்று கேட்டேன்.