எச் விசை எங்கே கொண்டுபோய் விடுகிறது

பார்வையற்ற ஒருவர் இணையத்தைப் பயன்படுத்துகிறார் என்றால், இயந்திரக் குரல் ஒன்று திரையில் இருப்பதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒப்பித்துக்கொண்டே போக, அவர் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்றே பலரும் எண்ணுகிறார்கள். அப்படித்தான் கேட்க வேண்டும் என்றால், ஒரு செய்தித் தளத்தின் பட்டியல்களையும் விளம்பரங்களையும் பகிர்வுப் பொத்தான்களையும் கடந்து செய்தியின் முதல் வாக்கியத்துக்கு வந்து சேர்வதற்குள் பொறுமை தீர்ந்துவிடும். பார்வையுள்ளவர்கள் ஒரு பக்கத்தைத் திறந்ததும் கண்ணை ஓடவிட்டு, வேண்டிய இடத்தில் நிறுத்துகிறார்கள். அதே வேலையை என்னைப் போன்ற பார்வையற்றவர்கள் விசைப்பலகையால் செய்கிறோம். ஆனால், எங்கள் விரல் எந்த இடத்தில் போய் நிற்கும் என்பதை அந்தப் பக்கத்தை உருவாக்கியவர் முன்பே தீர்மானித்துவிடுகிறார்.

நான் பயன்படுத்துவது என்விடிஏ என்னும் திரைவாசிப்பான், அதாவது திரையில் இருப்பதைக் குரலாக ஒலிக்கும் மென்பொருள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, தாமும் பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006ஆம் ஆண்டில் இதை எழுதத் தொடங்கினார். பார்வையற்ற மற்றொரு நிரலாளரான ஜேம்ஸ் தே அவருடன் இணைந்துகொண்டார். ஜாஸ் போன்ற பிற திரைவாசிப்பான்களின் விலை எங்களில் பலருக்கு எட்டாததாக இருந்த நிலையில், யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தரவிறக்கிக்கொள்ளும்படி திறந்த மூல மென்பொருளாக இதை அவர்கள் தந்ததை நான் பெரும் கொடையாகவே கருதுகிறேன்.

பக்கம் ஒன்று திறந்ததும் என்விடிஏ அதன் அமைப்பை உலாவியிடமிருந்து பெற்று, ஒரே நீளமான உரையாக வரிசைப்படுத்திக்கொள்கிறது. இந்த நிலையில் எழுத்து விசைகள் தட்டச்சு செய்வதில்லை, தாவுவதற்குப் பயன்படுகின்றன. எச் விசை அடுத்த தலைப்புக்கும், கே விசை அடுத்த இணைப்புக்கும், பி (B) விசை அடுத்த பொத்தானுக்கும் கொண்டுபோகும். ஷிஃப்ட் விசையையும் சேர்த்து அழுத்தினால் பின்னோக்கித் தாவலாம். 1 முதல் 6 வரையிலான எண் விசைகள் அந்தந்த நிலைத் தலைப்பைத் தேடித் தரும். இன்ஸர்ட் விசையுடன் எஃப்7 அழுத்தினால் பக்கத்தின் தலைப்புகள் அல்லது இணைப்புகள் அனைத்தும் ஒரு பட்டியலாக வந்து நிற்கும். தமிழ் கற்பிக்கும் பணியில் இருக்கும் நான், பாடத்துக்கான குறிப்பு தேடித் தமிழ் விக்கிப்பீடியாவைத் திறக்கும்போது, எச் விசையைத் தொடர்ந்து அழுத்தி ஒரு நீண்ட கட்டுரையின் உள்ளடக்கம் முழுவதையும் சில நொடிகளில் அறிந்துகொள்கிறேன். அங்கே கட்டுரையாளர் இடும் துணைத்தலைப்பு ஒவ்வொன்றும், பக்கத்தின் அமைப்பை உலாவிக்குச் சொல்லும் எச்டிஎம்எல் குறியீட்டிலும் தலைப்பாகவே பதிவாவதுதான் இதற்குக் காரணம்.

வேறு பல தமிழ்த் தளங்களில் இந்த வசதி எனக்குக் கிடைப்பதில்லை. அங்கும் தலைப்புகள் இருக்கின்றன. ஆனால் எழுத்தைப் பெரிதாக்கி, தடிமனாக்கி, நிறம் மாற்றித் தலைப்பைப் போல் தோன்றச் செய்திருக்கிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. திரைவாசிப்பானுக்கோ அது மற்றுமொரு பத்தி. எச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்பு இல்லை என்று சொல்லிவிடும். பத்துப் பகுதிகள் கொண்ட நல்ல கட்டுரையொன்று எனக்குப் பிரிவே இல்லாத ஒற்றைக் குவியலாகிவிடும். இணைப்புகளிலும் இதே குறை உண்டு. ஒவ்வொரு செய்தியின் கீழும் "மேலும் படிக்க" என்று மட்டும் எழுதியிருந்தால், இணைப்புப் பட்டியலைத் திறக்கும்போது "மேலும் படிக்க" என்பதே வரிசையாகக் கேட்கும். எது எந்தச் செய்திக்கு உரியது என்று தெரியாது. செய்தியின் தலைப்பையே இணைப்பாக்குவது எளிது. அதைச் செய்த தளங்களில் நான் யாருடைய உதவியும் இல்லாமல் அன்றைய செய்திகளை வாசித்து முடிக்கிறேன்.

வாசிப்பில் ஏற்படும் இடைஞ்சலையாவது பொறுத்துக்கொள்ளலாம். படிவங்களில் ஏற்படுவது வாழ்க்கையையே பாதிக்கக்கூடியது. படிவத்தின் கட்டத்துக்குள் நுழைந்ததும் திரைவாசிப்பான் நிலை மாறுகிறது. தாவப் பயன்பட்ட விசைகள் இப்போது தட்டச்சுக்கு வந்துவிடுகின்றன. அந்தக் கட்டத்துக்கு உரிய பெயர்க்குறிப்பு குறியீட்டில் இணைக்கப்பட்டிருந்தால் "தந்தை பெயர், எழுதும் கட்டம், கட்டாயம்" என்று கேட்கும். இணைக்கப்படாவிட்டால், "எழுதும் கட்டம், வெற்று" என்பதோடு முடிந்துவிடும். வேலைவாய்ப்பு விண்ணப்பத் தளம் ஒன்றில், பிறந்த தேதியைத் தட்டச்சு செய்ய இடமில்லாமல், சுட்டியால் மட்டுமே திறக்கக்கூடிய நாட்காட்டி ஒன்றை வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் நிரப்பிச் சமர்ப்பித்தபோது, சிவப்பு நிறத்தில் காட்டப்பட்டுள்ளவற்றைச் சரிசெய்யவும் என்ற அறிவிப்பு மட்டும் வந்தது. எந்தக் கட்டம் சிவப்பு என்பதை எழுத்தில் எங்கும் சொல்லவில்லை. கடைசியில், நிரப்புவது மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்சா. கோணலான எழுத்துகள் கொண்ட ஒரு படம். அதற்கு மாற்றாக ஒலி வடிவம் கிடையாது. அந்த விண்ணப்பத்தை என் தம்பிதான் முடித்துத் தந்தான். தம்பி செய்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் படித்து, சம்பாதித்து, தனித்து வாழும் ஒருவரை, தன் கடவுச்சொல்லையும் வங்கியிலிருந்து வரும் ஒருமுறைக் குறியீட்டையும் (ஓடிபி) இன்னொருவரிடம் சொல்லியாக வேண்டிய நிலைக்குத் தள்ளுவது எந்த வகையிலும் ஏற்கத்தக்கதன்று.

தமிழில் வாசிப்பவர்களுக்கு வேறொரு சிக்கலும் உண்டு. எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொதுக் குறியேற்றமான யூனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. அவற்றில் பல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவை. பாமினி எழுத்துருவில் "அம்மா" என்று அடித்தால் திரையில் அம்மா என்றே தெரியும். கணினிக்குள் பதிவாவதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் குறிகள். திரைவாசிப்பான் அவற்றைத்தான் ஒலிக்கும். தமிழ் இலக்கியங்களை மின்னூல்களாக்கி இலவசமாகத் தர 1998இல் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்தின் நூல்கள் பின்னர் யூனிகோடு வடிவிலும் கிடைத்தபோதுதான், சங்கப் பாடல்களை யாரும் வாசித்துக் காட்டாமல் நானாகவே அடி அடியாக நிறுத்திக் கேட்க முடிந்தது. இன்றும் பாமினியில் அடித்த சுற்றறிக்கைகள் வருகின்றன. அவற்றையாவது எழுத்துரு மாற்றியில் இட்டு மீட்டுவிடலாம். அச்சிட்ட தாளை வருடிப் படமாக ஏற்றிய பிடிஎஃப் கோப்பில் எழுத்தே இருப்பதில்லை. கூகுள் டிரைவில் ஏற்றி எழுத்தாக மாற்றிப் பார்க்கிறேன். பத்திகள் ஓரளவு தேறும், அட்டவணைகள் குழம்பிவிடும். காலிப்பணியிட அறிவிப்பில் நமக்கு வேண்டியதோ அட்டவணைதான்.

சட்டம் எங்கள் பக்கம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, தன் 42ஆம் பிரிவில், மின்னணு ஊடக உள்ளடக்கம் அணுகத்தக்க வடிவில் கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது. கண் சிமிட்டிக் காட்டச் சொல்லும் மின்னணு அடையாளச் சரிபார்ப்பு முறைகளை எதிர்த்த வழக்கில், 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், மின்னணுச் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பு விண்ணப்பப் படிவங்கள் வரை வந்து சேர வேண்டும் என்பதே என் எதிர்பார்ப்பு.

தனியாளாக இணையத்தில் எழுதுகிறவர்கள் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எழுதும் செயலியில் எழுத்தின் அளவைக் கூட்டுவதற்குப் பதிலாக, தலைப்பு என்ற பாணியைத் தேர்ந்தெடுங்கள். படம் இட்டால், படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் வாசிக்கும் மாற்று உரையில் "படம்" என்றோ கோப்பின் எண்ணையோ விட்டுவைக்காமல், அந்தப் படத்தை எதற்காக இட்டீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள். கோயில் கோபுரம் என்பதைவிட, சிதைந்த சுதைச் சிற்பங்களோடு நிற்கும் கிழக்குக் கோபுரம் என்பது எனக்கு மிகுதியாகப் பயன்படும். பக்கத்தின் மொழி தமிழ் என்று குறியீட்டில் குறித்திருக்கிறதா என்று வடிவமைத்தவரிடம் கேளுங்கள். அது ஆங்கிலம் என்றிருந்தால், பல ஆங்கிலக் குரல்கள் தமிழ் எழுத்துகளை ஒலிக்காமலே தாண்டிவிடும். பிறகு என்விடிஏவைத் தரவிறக்கி, சுட்டியைத் தொடாமல், உங்கள் பக்கத்தில் எச் விசையை அழுத்தி, நீங்கள் எழுதிய தலைப்புகள் எல்லாம் வரிசையாகக் கேட்கின்றனவா என்று பாருங்கள்.