கட்டைவிரல் பக்கம்தான் வழி

தற்காப்பு என்றதும் இருட்டுத் தெரு, முன்பின் தெரியாத ஒருவன், பறந்து உதைக்கும் பெண் என்று ஒரு படம் எல்லோர் மனதிலும் ஓடுகிறது. நடப்பதோ வேறு. பெண்கள் மீதான வன்முறையில் பெரும்பகுதி தெரிந்தவர்களால், அதுவும் நான்கு சுவருக்குள் நடக்கிறது. 2023இல் மட்டும் உலகெங்கும் கணவன், காதலன் அல்லது குடும்பத்தாரால் கொல்லப்பட்ட பெண்களும் சிறுமிகளும் சுமார் 51,100 பேர் என்பது ஐ.நா.வின் மதிப்பீடு. நாளொன்றுக்கு 140 உயிர். தெரிந்தவனைச் சமாளிக்கக் கற்றுத்தராத வகுப்பை அரைகுறை வகுப்பு என்றுதான் சொல்வேன்.

தெரிந்தவன் என்று வரும்போது முதலில் தடுமாறுவது மனசுதான். ‘தப்பா எடுத்துக்குவாரோ’, ‘நான்தான் பெரிதுபடுத்துகிறேனோ’ என்று யோசிக்கும் அந்த அரை நிமிடத்தில் அவன் இன்னும் நெருங்கிவிடுகிறான். கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களின் முதலாண்டு மாணவிகளிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2015இல் வெளியானது. மும்மூன்று மணி நேரமாக நான்கு அமர்வுகள், மொத்தம் 12 மணி நேரப் பயிற்சி. அடுத்த ஓராண்டில் பாலியல் வல்லுறவுக்கு ஆளானவர்கள் பயிற்சி பெறாத குழுவில் 9.8 சதவீதம், பெற்ற குழுவில் 5.2 சதவீதம். அங்கே அடிதடி ஒரு பங்குதான். ஆபத்தை முன்கூட்டியே அடையாளம் காண்பதும், தெரிந்தவனிடமே தயங்காமல் மறுப்பதும் மீதிப் பாடம்.

ஆகவே பயிற்சியைக் குரலில் தொடங்குங்கள். கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, ஒரு காலைச் சற்றுப் பின்னால் தள்ளி, இரு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் விரித்துப் பிடித்து, ‘நில்லு. கிட்ட வராதே’ என்று அடிவயிற்றிலிருந்து சொல்லுங்கள். ‘ப்ளீஸ்’ வேண்டாம், காரணமும் வேண்டாம். காரணம் சொன்னால் அவன் வாதாடுவான். பலருக்கு முதல் பத்து முறை குரலே எழும்பாது, சிரிப்பு வரும். அது வழக்கம்தான். குரல் உடையாமல் வரும்வரை சொல்லிப் பழக வேண்டும்.

மணிக்கட்டைப் பிடித்துவிட்டானா? எல்லோரும் செய்யும் தவறு, கையை நேராகப் பின்னுக்கு இழுப்பது. அது கயிறிழுக்கும் போட்டியாகிவிடும், பலம் உள்ளவன் ஜெயிப்பான். அவன் பிடியில் நான்கு விரல்கள் ஒரு பக்கம், கட்டைவிரல் தனியாக ஒரு பக்கம். இரண்டும் சந்திக்கும் இடம்தான் பலவீனமானது. உங்கள் முன்கையின் ஒல்லியான எலும்பு விளிம்பு அந்த இடைவெளியைப் பார்க்கும்படி கையைத் திருப்புங்கள். முழங்கையை மடக்கி அவனை நோக்கிக் கொண்டுபோய், அந்த வழியாகவே வெடுக்கென்று உருவுங்கள். இரு கைகளாலும் பிடித்திருந்தால், பிடிபட்ட கையை முஷ்டியாக்கி, மற்ற கையால் அந்த முஷ்டியைப் பற்றி, உடல் பாரத்தையும் சேர்த்து மேல்நோக்கி இழுங்கள்.

கழுத்தைப் பிடிப்பதை நான் தனி வகையாகவே பார்க்கிறேன். கழுத்தின் இருபுற ரத்தக்குழாய்களும் அழுந்தினால் சுமார் பத்து நொடிக்குள் நினைவு தப்பிவிடும். அதனால் யோசித்து நிற்க நேரமில்லை. தாடையை நெஞ்சோடு தாழ்த்தி, தோள்களை உயர்த்துங்கள். உங்கள் கைகளைக் கொக்கிபோல் வளைத்து அவன் கட்டைவிரல்களை வெளிப்புறமாகப் பிய்த்தெடுங்கள். அதே கணத்தில் முழங்கால் அவன் தொடைநடுவில் ஏற வேண்டும். ஒன்றை முடித்துவிட்டு மற்றொன்று என்று செய்தால் பலிக்காது.

தப்பித்தாயிற்று, கழுத்தில் தழும்புகூட இல்லை என்றாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். குரல் கம்முவது, விழுங்கும்போது வலி, கண்ணில் சிவப்புப் புள்ளிகள் எல்லாம் உள்காயத்தின் அடையாளங்கள். சில மணி நேரம் கழித்துக்கூட நிலைமை மோசமாகலாம். இன்னொன்றும் உண்டு: துணைவனால் ஒருமுறை கழுத்து நெரிக்கப்பட்ட பெண், பின்னர் அவனாலேயே கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் என்று 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. ‘கோபத்தில் ஒருமுறை செய்துவிட்டார்’ என்று இதைக் கடந்து போகாதீர்கள்.

அடிக்க நேர்ந்தால் முஷ்டி வேண்டாம். பழக்கமில்லாத கை முஷ்டியால் எலும்பில் மோதினால் சுண்டுவிரல் பக்க எலும்பு முறியும். உள்ளங்கையின் அடிப்பகுதியால் மூக்கையோ தாடையையோ தாக்குங்கள். மிக நெருங்கிவிட்டால் முழங்கை. விரல்களுக்கிடையே சாவியைச் செருகிக் குத்தச் சொல்வது இணையத்தில் பரவிக் கிடக்கும் மோசமான யோசனை. சாவி நழுவி உங்கள் விரலைத்தான் கிழிக்கும்.

பெப்பர் ஸ்ப்ரே உதவும், பழகியிருந்தால். பைக்குள் அடியில் கிடந்தால் பயனில்லை. இரண்டு, மூன்று மீட்டர் தொலைவில் கண்களைக் குறிவைத்து அடித்துவிட்டு உடனே விலகி ஓட வேண்டும். எதிர்காற்றிலும் சின்ன அறையிலும் உங்களையும் சேர்த்தே பதம் பார்க்கும். காலாவதித் தேதி தாண்டினால் அழுத்தம் குறைந்து முன்னால் பீச்சாமல் சொட்டும். உங்கள் ஊர்ச் சட்டம் அதை அனுமதிக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பழகியும் உடல் உறைந்து போகலாம். அச்சத்தில் கைகால் அசையாமல் போவது மூளையின் அனிச்சைச் செயல், சம்மதம் அல்ல. ‘ஏன் கத்தவில்லை’ என்று யாரும் கேட்க உரிமையில்லை. உறைவதைக் குறைக்க ஒரு வழி: இருபது முறை வேகமாக உட்கார்ந்து எழுந்து, மூச்சு வாங்கும்போதே மேற்சொன்ன விடுபடுதல்களைச் செய்து பழகுவது. படபடப்பில் விரல் நுணுக்கம் போய்விடும், பெரிய அசைவுகள்தான் மிஞ்சும். அதனால் மூன்று, நான்கு அசைவுகளுக்கு மேல் கற்காதீர்கள்.

வீட்டுக்குள் சண்டை மூளும்போது சமையலறையையும் குளியலறையையும் தவிர்த்து, வெளிவாசல் உள்ள பக்கம் நகருங்கள். முதல் இடத்தில் கத்தி, இரண்டாவதில் வெளியேற வழியில்லை.

பாலியல் வன்முறை நடந்துவிட்டால் முடிந்தவரை குளிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். ஆடைகளைத் தனித்தனிக் காகிதப் பைகளில் வையுங்கள், பிளாஸ்டிக்கில் ஈரம் தேங்கித் தடயம் கெடும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். அவசரக் கருத்தடைக்கு ஐந்து நாள் வரை வாய்ப்புண்டு, சீக்கிரம் எடுத்தால் பலன் அதிகம். குளித்துவிட்டீர்கள், துணியையும் துவைத்துவிட்டீர்கள் என்றாலும் போகலாம். காயங்களைப் பதிவு செய்யவும் மருந்து தரவும் அது தடையில்லை.