அடிக்கு அரை அங்குலம்

என் அம்மாவின் தந்தை திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில், பேட்டர்ன் ஷாப் என்று அங்கே எல்லோரும் சொல்லும் பிரிவில் வேலை பார்த்தவர். இரும்பை வார்ப்பதற்கு முன் மணலில் பதிக்க வேண்டிய மர அச்சைச் செதுக்கித் தருவது அந்தப் பிரிவின் பொறுப்பு. உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதால், அங்கே சாதாரண அடிக்கோலை வைத்து அளப்பதில்லை. ஓர் அடிக்கு ஏறத்தாழ அரைக்கால் அங்குலம் கூடுதலாக நீட்டிக் கோடு போட்ட தனிக்கோல் ஒன்று உண்டு. பகல் முழுவதும் எதையும் ஒரு மாற்றுப் பெரிதாகவே செதுக்கிய மனிதர், வீட்டுக்கு வந்ததும் திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சிறிதாக்கிச் செதுக்கினார்.

அவர் எடுத்துக்கொண்ட அளவு அடிக்கு அரை அங்குலம், அதாவது 1:24. பழைய கதவுச் சட்டத் தேக்கு, வச்சிரப் பசை, உப்புத்தாள், பித்தளைக் கம்பி, ரிவெட்டுகளுக்குக் குண்டூசித் தலை என்று கைக்கு எட்டியதை வைத்தே அவர் சரக்கு வேகன்களும் பயணிகள் பெட்டிகளும் செய்தார். அவருக்குப் பின் கருவிப்பெட்டியும் அளவு நோட்டுப் புத்தகமும் என்னிடம் வந்தன. நோட்டின் பாதிப் பக்கங்கள் ஒரே ஒரு எஞ்சினுக்கு உரியவை: பி.ஓ.எச். எனப்படும் குறித்த கால முழுப் பராமரிப்புக்காகப் பொன்மலைக்கு வரும் நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை நீராவி எஞ்சின். அளவுகளை எல்லாம் எடுத்து வைத்தவர் அதை மட்டும் செய்யவே இல்லை. நான் இந்தப் பொழுதுபோக்கில் இறங்கியதற்கு அந்தப் பக்கங்கள்தான் காரணம்.

கை பழகுவதற்காக முதலில் 1:72 அளவில் பிளாஸ்டிக் விமானக் கிட் ஒன்றை ஒட்டிப் பார்த்தேன். பசை எப்படிப் பிளாஸ்டிக்கைக் கரைத்து இணைக்கிறது, பெயின்ட் எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும் என்பதை அறிந்துகொள்ள அது உதவியது. ஆனால் பாகங்களை இன்னொருவர் வெட்டித் தந்து, எண்ணைப் பார்த்து நாம் பொருத்துவதில் எனக்குப் பெரிய ஈடுபாடு வரவில்லை.

எக்ஸ் எஞ்சின் விஷயமே வேறு. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் எஸ்.எல்.எம். நிறுவனம் கட்டியது அது. 2011 முதல் பொன்மலையிலேயே புதிதாகச் சில எஞ்சின்கள் கட்டப்பட்டன. மேட்டுப்பாளையத்திலிருந்து புறப்படும் ரயில் கல்லாறைத் தாண்டியதும் 12.5 அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றத்தைச் சந்திக்கிறது. வெறும் சக்கரப் பிடிப்பை நம்பி அதில் ஏற முடியாது. ஆகவே தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய இரண்டு இரும்புச் சட்டங்கள் ஒன்றையொட்டி ஒன்று பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றின் பல்லுக்கு நேராக மற்றதன் பள்ளம் வருமாறு அவை சற்றுத் தள்ளி அமைந்திருப்பதால், எஞ்சினுக்கு அடியிலுள்ள பல்சக்கரம் எந்த நொடியிலும் பிடி தவறுவதில்லை. எஞ்சினின் ஒவ்வொரு பக்கமும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிலிண்டர்கள். கீழ்ச் சிலிண்டரின் வேலை சாதாரண சக்கரங்களை ஓட்டுவது. அதில் உழைத்து வெளியேறும் நீராவியே மேல் சிலிண்டருக்குப் போய்ப் பல்சக்கரத்தை ஓட்டுகிறது. பல் சட்டம் இல்லாத இடத்தில் மேல் சிலிண்டருக்கு வேலை இல்லை. மலை ஏறும்போது எஞ்சின் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று தள்ளுகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால், எந்த முகத்தை முன்பக்கம் என்று வைத்து அலமாரியில் நிறுத்துவது என்பதே ஒரு கேள்விதான்.

எல்லாவற்றையும் 24-ஆல் வகுத்தால் மாடல் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலம் உள்ள மீட்டர் கேஜ் 41.7 மில்லிமீட்டர் ஆகிவிடும், அதுவரை சரி. ஆனால் கால் அங்குலத் தகடு கால் மில்லிமீட்டர் ஆகும்போது தேக்கு கைவிட்டுவிடுகிறது, அத்தனை மெல்லியதாகச் சீவினால் பிளந்துபோகும். தாத்தா அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்: பலகையை இரண்டு மில்லிமீட்டரில் விட்டுவிட்டு, கண்ணில் படும் விளிம்பை மட்டும் உட்புறமாகச் சாய்த்துச் சீவியிருக்கிறார். அவருடைய வேகன் கதவை எதிரில் நின்று பார்த்தால் தகடு என்றே தோன்றும். எனக்குக் கால் மில்லிமீட்டர் ஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக் தாளே கிடைக்கிறது என்றாலும், தண்ணீர்த் தொட்டியின் பக்கங்களுக்கு அவர் வழியைத்தான் பின்பற்றினேன். மெல்லிய தாள் பசை பட்டதும் நெளிகிறது. தடித்த தாளின் விளிம்பைச் சீவினால் நேராக நிற்கிறது.

ரிவெட் விஷயத்தில் மட்டும் அவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. குண்டூசித் தலை 1:24-க்கு மிகப் பெரிது. உண்மையான எஞ்சினில் அது எலுமிச்சம்பழ அளவுக்கு வரும். தையல்காரர்கள் துணியில் அடையாளம் இடும் டிரேசிங் வீலை மெல்லிய ஸ்டைரீனின் பின்புறம் அளவுகோலை ஒட்டி உருட்டினால், முன்புறத்தில் சீரான இடைவெளியில் சிறு மொட்டுகள் எழும்புகின்றன. அழுத்தம் கூடினால் தாள் கிழியும், குறைந்தால் பெயின்டுக்கு அடியில் மொட்டே காணாமல் போய்விடும். அந்தத் தாளைத் தடித்த தாளின்மேல் ஒட்டிவிட வேண்டும்.

நிறமும் அப்படியே சுருங்குவதில்லை. எஞ்சினுக்குப் பூசும் அதே கறுப்பை மாடலுக்குப் பூசினால் அது கரிக்கட்டியாகத் தெரியும், ஒரு விளிம்பும் புலப்படாது. தூரத்தில் நிற்கும் பொருளை இடையிலுள்ள காற்று சற்று வெளிறச் செய்வதால், கறுப்பில் கொஞ்சம் சாம்பல் கலந்து அடித்தால்தான் கண் ஏற்றுக்கொள்கிறது. எடையோ நீளம், அகலம், உயரம் மூன்றுக்கும் சேர்த்து மூன்று முறை 24-ஆல் வகுபட்டுக் குறைகிறது: 50 டன் எஞ்சின் 1:24-இல் மூன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல்தான் இருக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் அந்த எடையும் வராது என்பதால், கொதிகலனாக வைத்திருக்கும் பி.வி.சி. குழாய்க்குள் இரும்புத் துண்டுகளை இட்டு நிரப்பப் போகிறேன்.

இப்போது அடிச்சட்டமும் தொட்டிகளும் முடிந்திருக்கின்றன. தாத்தா தன் மாடல்களின் அடிப்பகுதியை வெறும் பலகையாகவே விட்டுவிடுவார், "கவுத்துப் பாக்கிறவனுக்காகவா செய்றோம்?" என்பார். வேகனுக்கு அது பொருந்தும். எக்ஸ் எஞ்சினுக்கோ பல்சக்கரம்தான் உயிர், அதுவோ முழுக்க அடியில் மறைந்திருக்கிறது. அவர் நோட்டில் சிலிண்டர், புகைபோக்கி, ஓட்டுநர் அறை எல்லாம் இருக்க, பல்சக்கரத்தின் அளவு மட்டும் இல்லை. அந்த அளவைத் தேடிப் பிடித்து, பித்தளையில் வெட்டி, அலமாரியில் மாடலுக்கு அடியில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றையும் பதிப்பதாகத் திட்டம்.