ஆர் மொழியில் கோப்புப் பாதையைப் புரிந்துகொண்ட அனுபவம்

முனைவர் பட்ட ஆய்வுக்காக, தரவுகளைப் பகுப்பாய்வு செய்ய உதவும் ஆர் (R) என்ற நிரல்மொழியைக் கற்கத் தொடங்கியபோது புள்ளியியல்தான் கடினமாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். ஆனால் முதல் சில நாள்கள், நானே திரட்டிய கள ஆய்வுத் தரவைத் திறக்க முடியாமலே கழிந்தன.

விண்டோஸில் கோப்பின் பாதையை, அதாவது அது கணினியில் இருக்கும் இடத்தைக் காட்டும் முகவரியை, நகலெடுத்து, மேற்கோள் குறிகளுக்குள் ஒட்டி, தரவை வாசிக்கும் கட்டளையை இயக்கினால், 'யூ' என்ற எழுத்தைச் சுட்டி ஒரு பிழைச்செய்தி வந்தது. விண்டோஸ் கோப்புறைகளைப் பின்சாய்கோட்டால் (\) பிரிக்கிறது. ஆர் மொழியிலோ அதே பின்சாய்கோடு, அடுத்து வரும் எழுத்துக்குத் தனிப்பொருள் தரும் குறி. அதையடுத்துப் பெரிய 'யூ' (U) வந்தால் யூனிகோடு எண் ஒன்று தொடரும் என்று அது எதிர்பார்க்கிறது. என் பாதையில் இருந்ததோ 'யூசர்ஸ்' என்ற கோப்புறை. சாய்கோடுகளை முன்பக்கம் (/) திருப்பியதும் தரவு திறந்தது. பின்சாய்கோட்டை இரட்டிப்பதும் செல்லும். 2020இல் வந்த 4.0.0 பதிப்பிலிருந்து பாதையை அப்படியே எழுதவும் வழி உண்டு.

என்னை உண்மையில் வாட்டியது அடுத்த சிக்கல். கோப்பின் பெயரை மட்டும் எழுதினால் ஒருநாள் திறந்தது, மறுநாள் அப்படியொரு கோப்பே இல்லை என்றது. நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆர் அப்போது நிற்கும் பணிக் கோப்புறை எது என்று கேட்கும் 'கெட்டபிள்யூடி' கட்டளையை இயக்கியபோதுதான் காரணம் விளங்கியது: ஆர் நிரல்களை எழுதி இயக்க உதவும் ஆர்ஸ்டுடியோ என்ற மென்பொருள் மூடியிருக்கும்போது, அதை நிரல் கோப்பைச் சொடுக்கித் திறந்தால் அந்தக் கோப்பின் கோப்புறையிலும், ஸ்டார்ட் மெனுவிலிருந்து திறந்தால் டாக்குமென்ட்ஸ் கோப்புறையிலும் அது தொடங்குகிறது. முழுப் பாதை தராதபோது, தான் நிற்கும் இடத்திலிருந்துதான் ஆர் தேடும். அன்றிலிருந்து, பிழை வந்தால் நிரலைத் திருத்துவதற்கு முன், 'லிஸ்ட் ஃபைல்ஸ்' கட்டளையால் அங்கே என்னென்ன இருக்கின்றன என்று பார்க்கிறேன். விண்டோஸ் மறைத்துவைத்திருந்த, கோப்பின் வகையைக் குறிக்கும் 'சிஎஸ்வி' (.csv) என்ற பின்னொட்டை நான் இரண்டாம் முறை சேர்த்திருந்ததும் அப்படித்தான் தெரியவந்தது.

பின்னர் ஆய்வு முழுவதையும் ஓர் ஆர்ஸ்டுடியோ புராஜெக்டாக அமைத்தேன்; அதைத் திறந்தால் அதன் வேர்க் கோப்புறையே பணிக் கோப்புறையாகிவிடும். ஒரே ஒரு தடங்கல் மிஞ்சியது: உள்கோப்புறையில் இருந்த, உரையும் நிரலும் கலந்த ஆர் மார்க்டவுன் அறிக்கை, தன் சொந்தக் கோப்புறையையே பணியிடமாகக் கொண்டது. புராஜெக்டின் வேரிலிருந்து பாதையைக் கணக்கிடும் 'ஹியர்' என்ற கூடுதல் நிரல் தொகுப்பு அதையும் தீர்த்தது. சென்ற மாதம் முழுக் கோப்புறையையும் நெறியாளரின் மடிக்கணினிக்கு மாற்றினேன். ஒரு வரியும் திருத்தாமல் அறிக்கை உருவானது.