கடலிலிருந்து கடலைக்கு

ஜிம்மி கார்ட்டர் என்றதும் அமெரிக்க ஜனாதிபதி ஞாபகம்தான் வரும். எனக்குப் பிடித்ததோ அதற்கு முந்தைய, பிந்தைய கார்ட்டர்கள்.

நீர்மூழ்கிக் கப்பல் அதிகாரி. 1952-ல் கனடாவின் சாக் ரிவர் அணுஉலை விபத்துக்குள்ளானபோது ஆட்களோடு அதைப் பிரிக்கப் போனார். கதிர்வீச்சு காரணமாக ஒருவர் உள்ளே ஒன்றரை நிமிஷம்தான் நிற்கலாம். போல்ட்டைக் கழற்றிவிட்டு ஓடி வர வேண்டும். அதற்காக டென்னிஸ் மைதானத்தில் மாதிரி அமைத்து ஒத்திகை பார்த்திருக்கிறார்கள்!

மறுவருஷம் அப்பா இறந்தார். கடற்படையை விட்டு, சொந்த ஊர் பிளெயின்ஸில் வேர்க்கடலை வியாபாரம். மனைவி ரோசலினுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. வழியெல்லாம் பேச்சே இல்லையாம். (நம்ம வீட்லயும் இதுதான் நடந்திருக்கும்.)

2019-ல் வீட்டில் விழுந்து புருவத்துக்கு மேல் 14 தையல். வயசு 95. மறுநாள் நாஷ்வில்லில், கறுத்து வீங்கிய கண்ணோடு, ஏழைகளுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தார் மனுஷன்.