துருவக் கீழைக்காற்று: அட்டவணையை மூடிவிட்டுப் படம் போடுங்கள்

குரூப் தேர்வுக்குப் புவியியல் படிக்கிறவர்கள் கோள் காற்றுகள் பாடத்தில் வியாபாரக் காற்று, மேலைக்காற்று வரை ஒழுங்காகப் படிப்பார்கள், துருவங்களிலிருந்து கிளம்பி, கிழக்குப் பக்கமிருந்து வீசுகிற துருவக் கீழைக்காற்று வந்ததும் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். எனக்கு அந்தப் பாடமே பிடிபட்டது அதிலிருந்துதான்.

காற்றுகளின் பெயரும் திசையும் போட்ட அட்டவணையை நான் மனப்பாடம் செய்யவில்லை. வெறும் தாளில் ஒரு வட்டம் போட்டு 0°, 30°, 60°, 90° கோடுகளை இழுத்து, நிலநடுக்கோட்டில் தொடங்கி காற்றழுத்தத்தைத் தாழ்வு, உயர்வு, தாழ்வு, உயர்வு என்று எழுதிக்கொள்வேன். காற்று உயர் அழுத்தத்திலிருந்து தாழ்வழுத்தத்துக்குத்தான் போகும், ஆக 90°-லிருந்து 60° பக்கம் ஓர் அம்பு. அப்புறம், பூமி சுழல்வதால் காற்று திசை விலகும் என்கிற ஃபெரல் விதிப்படி, அந்த அம்பை வடகோளத்தில் வலப்பக்கமும் தென்கோளத்தில் இடப்பக்கமும் வளைக்க வேண்டும். இங்கே வலம், இடம் என்பது தாளைப் பார்க்கிற நம்முடையது இல்லை, காற்று போகிற திசையைப் பார்த்து நிற்கிறவருடையது. வட துருவத்திலிருந்து தெற்கே இறங்குகிற காற்றுக்கு வலப்பக்கம் மேற்கு, தென் துருவத்திலிருந்து வடக்கே கிளம்புகிற காற்றுக்கு இடப்பக்கமும் மேற்குதான். அதனால் ஒன்று வடகிழக்கிலிருந்து வீசும், இன்னொன்று தென்கிழக்கிலிருந்து.

இதில் ஒரு சந்தேகம் வரவேண்டும், வரவில்லையென்றால் இன்னொரு முறை படத்தைப் பாருங்கள். 60°-ல் அவ்வளவு குளிர், அங்கே எப்படித் தாழ்வழுத்தம்? வெப்பத்தால் வந்ததில்லை அது. மேலைக்காற்று கொண்டுவரும் மிதமான காற்றும் துருவத்தின் கனமான குளிர்காற்றும் அங்கே முட்டிக்கொள்ள, லேசான காற்று மேலே ஏறிவிடுகிறது. நிலநடுக்கோடும் துருவமும் வெப்பநிலையால் உருவான மண்டலங்கள், நடுவில் உள்ள 30°, 60° இரண்டும் காற்றின் இயக்கத்தால் உருவானவை. கூற்று, காரணம் வகைக் கேள்விக்கு இது ஒன்று போதும்.

ஆர்க்டிக்கில் இந்தக் காற்று அவ்வளவு சீராக இருக்காது. அண்டார்டிகா கதையே வேறு. அங்கே உயரமான பனிப்பீடபூமியில் குளிர்ந்து கனத்த காற்று சரிவில் வழிந்து கடற்கரைக்குப் பாய்கிறது, இதற்குக் கட்டபாட்டிக் காற்று என்று பெயர். அண்டார்டிகாவை ஆராயப் போன டக்ளஸ் மாசனின் குழு 1912-ல் முகாமிட்டிருந்த, அங்குள்ள கடற்கரை இடமான கேப் டெனிசனில் ஆண்டுச் சராசரி வேகமே மணிக்குச் சுமார் 80 கி.மீ. புயல் இல்லை, சராசரி!

அப்புறம் துருவச் சுழல். 2019 ஜனவரியில் சிகாகோ மைனஸ் 30 டிகிரிக்கு இறங்கியபோது செய்திகளில் அடிபட்ட பெயர் அது. அது தரையையொட்டி வீசுகிற துருவக் கீழைக்காற்று இல்லை. வெகு உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுவது. விடைத் தெரிவுகளில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் முதலில் உயரத்தைப் பாருங்கள், திசையை அப்புறம் பார்க்கலாம்.