செதில் வேணுமா, பழம் வேணுமா?

போன ஞாயித்துக்கிழமை மார்க்கெட்ல சீத்தாப்பழம் பொறுக்கிட்டு இருந்தேன், கூட வந்த என் பொண்ணு, எட்டாவது படிக்குது, பழக்கார அக்காகிட்ட போய் "ஆண்ட்டி இதோட பேரு அனோனா ஸ்குவாமோசா, லத்தீன்ல ஸ்குவாமான்னா செதில், மேல செதில் செதிலா இருக்குல்ல, 1753லயே லின்னேயஸ்ங்கற விஞ்ஞானி வச்ச பேரு"ன்னு ஆரம்பிச்சிடுச்சு. அக்கா முகமே மாறிப்போச்சு. "செதில் வேணும்னா மீன் கடைக்குப் போ கண்ணு, இது நல்ல பழம்". கிலோ 100 ரூபா, அப்புறம் பத்து ரூபா குறைக்கச் சொல்ல எனக்கு எங்க வாய் வரும்.

எல்லாம் ஸ்கூல்ல சயின்ஸ் மிஸ் குடுத்த ஹோம்வொர்க்தான், செதில் இருக்கற உயிருக்கெல்லாம் பேர்லயே செதில் இருக்கான்னு பாக்கணுமாம். (ராமசீத்தாவுக்கு இல்ல, அது அனோனா ரெட்டிகுலேட்டா, வலை போட்ட மாதிரி தோல்.)

வீட்டுக்கு வந்தா செவுத்துல பல்லி கத்துச்சு. எங்கம்மா வழக்கம்போல தரையில விரலால தட்டி "கிருஷ்ணா கிருஷ்ணா"ன்னாங்க. இவ சும்மா இருப்பாளா, "பாட்டி, பல்லி ஸ்குவாமேட்டா, அதுவும் செதில்தான், பாம்பும் அதே குரூப்பு"ன்னா. அம்மாவுக்கு கேட்டது பாம்பு மட்டும்தான், ரெண்டு காலையும் தூக்கி சேர் மேல வச்சுக்கிட்டாங்க.

பல்லி சொன்ன பலன் பாக்கணும்னு பரண்ல கிடந்த பழைய பஞ்சாங்கத்தை எடுத்து விரிச்சா உள்ளருந்து ஒரு ராமபாணப் பூச்சி வெள்ளியா மின்னிக்கிட்டு ஓடுது. "லெபிஸ்மா சாக்கரினம்!" லெபிஸ்னா கிரேக்கத்துல செதிலாம், சாக்கரினம்னா சக்கரையாம். அட்டை ஒட்டுற பசையில இருக்கற மாவுச்சத்தைத் தின்னு பொழைக்குதாம். எனக்கு ரத்தத்துல சுகரு, அதுக்கு பேர்லயே சுகரு.

பலன் எந்தப் பக்கம்னு குனிஞ்சு தேடும்போது என் தலையிலருந்து பொலபொலன்னு பக்கம் பூரா வெள்ளையா உதிருது. பொண்ணு ஒரு நிமிஷம் பாத்துட்டு, "அப்பா, தலையில வாழற ஒரு ஈஸ்ட்டுக்கு மலசேசியா ஃபர்ஃபர்னு பேரு, ஃபர்ஃபர்னா லத்தீன்ல தவிடு"ன்னா.

எங்கம்மா அப்பத்தான் காலைக் கீழ எறக்குனாங்க. "சின்னதுல இவனைத் தவுட்டுக்குத்தான் வாங்குனேன்னு வெளையாட்டா சொல்லிட்டு இருந்தேன், அது இன்னும் தலையில ஒட்டிக்கிட்டு இருக்கு பாரு."